புதிய பந்தய வண்டி திரும்ப மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் இந்தப் பருவத்திலும் அதே காட்சியைப் பார்த்தேன். சிறிய 150 சிசி பந்தய பைக்கில் எல்லோரையும் முந்திக்கொண்டிருந்த ஓர் இளைஞர், கனமான வண்டிக்கு மாறிய முதல் வாரத்திலேயே பின்தங்கிப்போய், டிராக்கின் ஓரத்தில் வண்டியைச் சரிபார்க்கும் பிட்டுக்குள் வந்ததும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் "வண்டி திரும்பவே மாட்டேங்குதுண்ணா" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே பிட்டில் நான் சொன்ன சொற்கள் அவை. டயர் சூடாவதற்குள் முடுக்குவது, கியரைத் தவறவிடுவது போன்றவற்றை எவரும் இரண்டு நாளில் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

உடல் பாரத்தை ஹேண்டில்பாரில் இறக்குவது

நான் பார்த்தவற்றில் அதிகம் விலை கேட்கும் தவறு இதுதான். இன்றும் யாராவது இதைச் செய்வதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

வேகமாக வந்து முன் பிரேக்கை அழுத்தும்போது உடல் முன்னோக்கிப் பாய்கிறது. இரு முட்டிகளும் பெட்ரோல் டேங்கை இறுக்கிப் பிடித்திருந்தால் அந்தப் பாரத்தைத் தொடையும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் முழுப் பாரமும் இரண்டு உள்ளங்கைகளில் வந்து இறங்கும். அந்த வேகத்தில் வலப்பக்கம் சாய வலது கைப்பிடியை லேசாக முன்னே தள்ள வேண்டும். ஆனால் இடது கையும் உடலைத் தாங்குவதற்காக அதே நேரத்தில் முன்னே தள்ளிக்கொண்டிருந்தால் ஒன்றை மற்றொன்று அடித்துவிடுகிறது. மேடுபள்ளத்திற்கு ஏற்ப முன் சக்கரம் தானாகச் செய்துகொள்ளும் சிறு அசைவுகளையும் விறைத்த கைகள் தடுத்துவிடுகின்றன. சிறிய வண்டி இலகுவானது, பிரேக்கும் அவ்வளவு கடுமையாக இராது என்பதால் அது இந்தப் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். கனமான வண்டி பொறுக்காது.

எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. ஐந்தாவது லேப்பிலேயே, அதாவது டிராக்கை ஐந்தாவது முறை சுற்றும்போதே, முன்கைகள் கட்டைபோல் இறுகி, பிரேக் லீவரை இரண்டு விரலால் அழுத்த முடியாமல் நான்கு விரலையும் போட்டேன். குறை முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பான முன் ஃபோர்க்கில்தான் என்று முடிவுகட்டி, ஒரே நாளில் மூன்று முறை அதன் செட்டிங்கை மாற்றச் சொன்னேன். நான்காவது முறை கேட்டபோது மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "தம்பி, ஃபோர்க்கை விடு. கையக் காட்டு" என்றார். கிளவுஸைக் கழற்றினேன். இரு உள்ளங்கைகளிலும் கட்டைவிரலின் அடியில் தோல் உரிந்து சிவந்திருந்தது. ரேஸ் சூட்டின் முட்டி உட்புறமோ புதிதுபோல் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அன்று அதை ஏற்கவில்லை. மறுநாள் காலை பிரேக்கோடு வளைவுக்குள் இறங்கும்போது முன் சக்கரம் வழுக்கி, காறை எலும்பு முறிந்து, அந்தப் பருவமே கையைவிட்டுப் போயிற்று.

உலகத்தரத்திலும் இது நடந்திருக்கிறது. 2010, 2012, 2015 ஆகிய மூன்று ஆண்டுகளில் யமஹாவில் மோட்டோஜிபி எனும் உலக பைக் பந்தயப் பட்டம் வென்ற ஹோர்ஹே லொரென்ஸோ 2017இல் டுகாட்டிக்கு மாறினார்; அந்த ஆண்டு முழுவதும் ஒரு வெற்றிகூட இல்லை. வளைவுக்குள் வேகத்தை இழக்காமல் சீராகச் செல்வது அவருடைய பாணி. டுகாட்டியோ ஆழமாகப் பிரேக் பிடித்து, சட்டென்று திருப்பி, நிமிர்த்தி முடுக்குபவருக்கே வசப்பட்டது. பிரேக் பிடிக்கையில் உடலைத் தாங்க டேங்கில் போதிய பிடிமானம் இல்லை, அதனால் பந்தயத்தின் பிற்பகுதியில் களைத்துவிடுகிறேன் என்று அவர் தொடர்ந்து கூறிவந்தார். 2018 ஜூனில் இத்தாலியின் முஜெல்லோ பந்தயத்தில் அவருக்காக மாற்றிய டேங்க் வந்தது. அந்த வாரமே டுகாட்டியில் தன் முதல் வெற்றியைப் பெற்றார், அடுத்து பார்சிலோனாவில் வென்றார், ஆகஸ்டில் ஆஸ்திரியாவில் மீண்டும் வென்றார்.

ஆகவே ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன் டேங்கின் இருபுறமும் பிடிப்புப் பட்டை ஒட்டுங்கள். பிடிமானம் போதவில்லை என்றால் டேங்கின் பின்விளிம்பில் கடினமான ஃபோம் வைத்து உங்கள் உடலுக்கேற்பச் செதுக்குங்கள். பிரேக் பிடிக்கும்போது இரு முழங்கைகளையும் இறக்கைபோல் லேசாக அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு செஷன், அதாவது டிராக்கில் ஒருமுறை இறங்கி ஓட்டும் நேரம், முடிந்ததும் உள்ளங்கையைப் பாருங்கள். சிவந்திருந்தால் குறை இன்னும் தீரவில்லை.

ஒரே செஷனில் இரண்டு மாற்றங்கள்

செய்யாதீர்கள்.

வேகமான சக வீரரின் செட்டிங்கை அப்படியே போட்டுக்கொள்வது

2007இல் ஆஸ்திரேலிய வீரர் கேசி ஸ்டோனர் டுகாட்டியில் பத்துப் பந்தயங்களை வென்று பட்டம் பெற்றார். 2010இலும் அதில் மூன்று பந்தயங்களை வென்றார். அடுத்த ஆண்டு அவருடைய இடத்துக்கு வந்த வாலண்டினோ ரோஸ்ஸி ஒன்பது முறை உலகப் பட்டம் வென்றவர். இரண்டு பருவங்கள் போராடியும் டுகாட்டியில் அவருக்கு ஒரு வெற்றிகூடக் கிடைக்கவில்லை. 2013இல் யமஹாவுக்குத் திரும்பியதும் நெதர்லாந்தின் அஸ்ஸென் டிராக்கில் வென்றார். ஒருவருக்கு அடங்கிய வண்டி இன்னொருவருக்கு அடங்காமல் போவதற்கு எடை, உயரம், பிரேக்கை விடும் விதம் என்று பல காரணங்கள் இருக்கின்றன. சக வீரரிடம் எந்த இடத்தில் பிரேக்கை விடுகிறார் என்று கேளுங்கள். அவருடைய ஃபோர்க் செட்டிங்கின் எண்ணைக் கேட்காதீர்கள்.

பழைய வண்டியின் லேப் நேரத்தைத் துரத்துவது

முதல் மூன்று நாட்கள் ஸ்டாப்வாட்சைப் பார்க்காதீர்கள்.

காயத்தோடு புதிய வண்டியைப் பழகுவது

லொரென்ஸோ 2019இல் ஹோண்டாவுக்குப் போனபோது மணிக்கட்டில் ஏற்கெனவே எலும்பு முறிவு இருந்தது. அங்கும் அவருக்காக உட்காரும் அமைப்பை மாற்றிப் பார்த்தார்கள். ஆனால் அஸ்ஸென் பயிற்சியில் விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வாலன்சியாவில் ஓய்வை அறிவித்துவிட்டார். வலிக்கும் இடத்தைக் காப்பாற்ற உடல் தானாகவே வேறிடத்தில் இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கத்தில் பழகியது எலும்பு கூடிய பிறகும் கையில் தங்கிவிடும். காறை எலும்பு கூடுவதற்குள் நானும் அவசரப்பட்டு வண்டியில் ஏறினேன்; இடது தோளைத் தூக்கியபடி ஓட்டும் அந்தப் பழக்கத்தை விட எனக்கு மேலும் ஒரு பருவம் தேவைப்பட்டது.