விடுமுறைக்கு வந்து ஆற்றில் இறங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் டெல்டாக்காரர்கள் விடுமுறைக்கு வரும்போது உடன் வேலை செய்யும் நண்பர்களையும் அழைத்து வருகிறார்கள். பெரிய கோயிலைப் பார்த்த மறுநாளே கொள்ளிடம், முத்துப்பேட்டை, கோடியக்கரை என்று கிளம்பிவிடுகிறார்கள். தாராளமாகப் போகட்டும். ஆனால் அவர்கள் பழகிய ஊர்களில் எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் உயிர்காப்பாளரும் இருப்பார்கள். கொள்ளிடக் கரையில் மைல் கணக்கில் நடந்தாலும் அப்படி ஒன்றும் கண்ணில் படாது. பலகை இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்வதில்தான் எல்லாத் தவறும் தொடங்குகிறது.

அதில் பெரியது, வானத்தைப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்குவது. ஜூலை, ஆகஸ்டில் தஞ்சாவூர்ப் பக்கம் வெயில் கொளுத்தும், மேகமே இருக்காது. அதே நேரத்தில் குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி, மேட்டூர் அணையும் முழு அளவான 120 அடியைத் தொட்டுவிட்டால், வருகிற தண்ணீரையெல்லாம் அப்படியே கீழே விட்டாக வேண்டும். திருச்சிக்கு அருகே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. பாசனத்துக்குத் தேவையானது காவிரியில் போகும். மிஞ்சியது முழுக்கக் கொள்ளிடத்துக்கு. ஆகவே வெள்ளத்தின் சுமையைத் தாங்குவது கொள்ளிடம்தான். காலையில் கணுக்கால் அளவு ஓடிய ஆறு மாலைக்குள் கரையைத் தொடக்கூடும்.

மேட்டூரிலிருந்து எத்தனை ஆயிரம் கன அடி திறக்கிறார்கள், முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் எவ்வளவு விடுகிறார்கள் என்பது நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் அன்றாடம் வருகிற செய்தி. புறப்படும் முன் அதைப் பாருங்கள். வழக்கமான திறப்பு நாளான ஜூன் 12-இல் மேட்டூரிலிருந்து விடும் தண்ணீர், காய்ந்த மணலை நனைத்துக்கொண்டு கல்லணைக்கு வந்து சேர மூன்று, நான்கு நாள் ஆகும். வெள்ளக் காலத்தில் அத்தனை நேரம் கிடைக்காது. ஆற்றுக்கு நடுவே உள்ள மணல் திட்டில் கூடாரம் போட்டுத் தூங்குவதை எந்த மாதத்திலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தண்ணீர் முதலில் திட்டுக்கும் கரைக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் ஏறும். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பகலில் என்றால் அடையாளம் உண்டு: தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறும், நுரையும் நாணல் தட்டையும் வைக்கோலும் மிதந்து வரும். அதைக் கண்டதும் பாத்திரம் பண்டத்தைக்கூட எடுக்க நினைக்காமல் கரையேற வேண்டும்.

தண்ணீர் குறைவாக இருக்கும்போது வேறொரு ஆபத்து. மணல் அள்ளிய குழிகள் ஆற்றுக்குள் அப்படியே கிடக்கின்றன. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்பீர்கள்; அடுத்த அடியில் ஆள் மூழ்கிவிடும். குழியின் ஓரத்து மணல் காலுக்கடியில் சரிவதால் திரும்பி ஏறவும் முடியாது. நீச்சல் குளத்தில் பழகிய நீச்சல் இங்கே அதிகம் உதவாது. மதகுக்கும் ஷட்டருக்கும் கீழே உள்ள இடம் இன்னும் மோசம்: மேலே அமைதியாகத் தெரியும், அடியில் சுழல் இழுக்கும். கல்லணையிலும் அணைக்கரையிலும் அந்தப் பக்கம் இறங்கவே கூடாது.

ஒருவர் மூழ்கும்போது நண்பர்கள் அடுத்தடுத்துக் குதிப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிற தவறு. ஒரே குழுவில் இரண்டு மூன்று பேரை இழந்த செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. நல்ல மனத்தோடுதான் குதிக்கிறார்கள். மூழ்குகிறவர் பிடித்த பிடியில் காப்பாற்றப் போனவரும் போய்விடுகிறார். கரையில் நின்றபடி கயிறு, வேட்டி, துப்பட்டா எதையாவது வீசுங்கள். காலித் தண்ணீர்க் கேனை இறுக மூடி வீசினாலும் மிதக்கப் பிடித்துக்கொள்ளலாம். கயிறு ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

குளிக்க வேண்டுமென்றால் ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் குளியுங்கள். துவைத்துக்கொண்டிருக்கும் அக்காவிடமோ மாடு குளிப்பாட்டும் அண்ணனிடமோ, "இங்கே ஆழம் எப்படி, தண்ணீர் ஏறுகிறதா?" என்று கேளுங்கள். "அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி" என்று அவர்கள் சொன்னால் காரணம் கேட்டு வாதாட வேண்டாம்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். அதை வாங்காமல் தெரிந்தவரின் படகில் போய்விடலாம் என்று நினைப்பவர்கள் மிதவை அங்கியும் இல்லாமல்தான் போகிறார்கள். காயலில் ஆழம் குறைவு. நீர் வற்றும் நேரத்தில் படகு சேற்றில் தட்டி நின்றுவிடும். எப்போது திரும்ப வேண்டும் என்பதைப் படகோட்டி முடிவு செய்யட்டும். சேற்றில் இறங்காதீர்கள்: அலையாத்தியின் சுவாச வேர்கள் ஈட்டி முனைபோல நிமிர்ந்து நிற்கும், பாதத்தைக் கிழித்துவிடும். குடிநீரைக் கரையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்க்க ஆசைப்பட்டு மே மாதம் வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். ஆனால் அதன் முற்பகுதி புயல் காலமும்கூட. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது இந்த வேதாரண்யம் பகுதியில்தான். வானிலை எச்சரிக்கை வந்தால், விமான டிக்கெட் வீணானாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

பையையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டில் மலையேறுகிறவர்கள் செயற்கைக்கோள் போனோ, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பார்கள். இந்தியாவில் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்டவர்கள் உண்டு. வெளிநாட்டு நண்பர் வண்டி ஓட்டுவதானால் சர்வதேச ஓட்டுநர் உரிமம் வேண்டும். அவர் உங்கள் வீட்டில் தங்கினால், அந்த விவரத்தை வெளிநாட்டவர் தங்குவதைத் தெரிவிக்கும் அரசுப் படிவம் வழியாக 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இரவில் வரப்பிலும் கரையிலும் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள், வெறுந்தரையில் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். அது கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, வீக்கமும் இருக்காது. பாம்பு கடித்ததாகச் சந்தேகம் வந்தாலே போதும். கடிவாயைக் கீற வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், மந்திரிக்க அழைத்துப் போக வேண்டாம். 108-ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுசெல்லுங்கள்.