சோலார் பேனலுக்கு அடியில் ஒரு சாண் இடம் விடுங்கள்

வெயில் ஏறினால் கரண்டும் ஏறும் என்றுதான் நாகர்கோவிலில் பலரும் நினைக்கிறோம். பேனலுக்கு வேண்டியது ஒளி, சூடு ஆகாது. பேனலில் இருக்கும் சிலிக்கான் சூடாகும்போது அதன் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரானை விடுவிக்கத் தேவையான ஆற்றல், சுருங்கி, வோல்டேஜ் இறங்கிவிடும். பேனலில் போட்டிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரிக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். மதியம் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போச்சு!

அதனால் கூரையோடு ஒட்டிப் பதிக்க விடாதீர்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மாதானே கிடைக்கிறது, அடியில் புகுந்து போகட்டும். போல்ட்டை மட்டும் நன்றாக முறுக்கச் சொல்லுங்கள். அப்புறம், குளச்சல் மாதிரிக் கடலோரம் என்றால் உப்பு படியும். விடியற்காலையில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உச்சிவெயிலில் ஊற்றினால் சூடான கண்ணாடி விரிசல் விடலாம்.