ஜெப ஆலயத்தில் தொண்டு: ஆர்வக்கோளாறில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் ஒரு யூத ஜெப ஆலயம் என்பது நடைமுறையில் ஒரு சங்கம். உறுப்பினர்கள் ஆண்டுச் சந்தா கட்டுவார்கள், நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்தக் குழு மதகுருவான ரபியைச் சம்பளத்துக்கு அமர்த்தும். ரபியையும் அலுவலகத்தில் இருக்கும் ஓரிருவரையும் விட்டால் மற்ற வேலையெல்லாம் உறுப்பினர்கள் தலையில்தான். அதனால் கல்யாணம் வழியாகவோ, மதம் மாறியோ, நண்பர் அழைத்தோ புதிதாக வருகிறவரிடம் "ஏதாவது கை கொடுக்க முடியுமா?" என்று சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, யாரையும் கேட்காமல் வேலையில் இறங்குகிறவர்களால்தான் அங்கே பெரும்பாலும் சிக்கல் வருகிறது. சோம்பேறிகளால் தொல்லை குறைவு.

சைவம்தானே, என்ன தப்பு?

நம்மவர்கள் முதலில் சறுக்கும் இடம் சமையலறை. வீட்டில் செய்த சுத்த சைவச் சாப்பாடு, முட்டைகூடக் கிடையாது, இதில் என்ன ஆட்சேபம் இருக்க முடியும் என்று சாம்பார் சாதத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். ஆனால் கோஷர் என்ற யூத உணவு விதி சாப்பாட்டோடு நிற்பதில்லை, அது வெந்த பாத்திரத்தையும் கேட்கும். கோஷர் அல்லாத வீட்டில் சமைத்ததை உள்ளே விடாத ஜெப ஆலயங்கள் ஏராளம். சீஸ் என்றால் அதில் சேர்த்த உறைபொருள் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து வந்ததா என்று பார்ப்பார்கள். காலிஃபிளவர், கீரை வகைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி தேடுவார்கள், ஏனென்றால் பூச்சி கோஷர் இல்லை. கொண்டு போயே ஆக வேண்டும் என்றால், வட்டத்துக்குள் 'யு' போட்ட ஓ.யு. போன்ற கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்டாக இருக்கட்டும். அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு கண்டிப்பு.

கோஷர் விதிப்படி இறைச்சியும் பாலும் கலக்கக் கூடாது. அதனால் பெரும்பாலான ஜெப ஆலய அடுக்களைகளில் இழுப்பறைகளில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வழக்கமாகச் சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு. கத்தி, கரண்டியிலிருந்து பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் வரை தனித்தனி. பால் கரண்டி தவறிப்போய் இறைச்சிப் பாத்திரத்தில் விழுந்துவிட்டதா? விழுவது சகஜம், அதற்கு யாரும் தலையை வாங்க மாட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்று சத்தமில்லாமல் கழுவி எடுத்த இடத்தில் வைப்பதுதான் பெரிய தவறு. பொறுப்பாளரிடம் சொன்னால் அந்தக் கரண்டியை என்ன செய்வது என்று அவர் பார்த்துக்கொள்வார். சொல்லாவிட்டால், அந்த அடுக்களையை நம்பிச் சாப்பிடும் அத்தனை பேரையும் நீங்கள் ஏமாற்றியதாக ஆகிவிடும்.

வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை

ஷபாத் என்ற இந்த வாராந்திர ஓய்வு நாளில் எழுதுவது, பணத்தைக் கையால் தொடுவது, விளக்கைப் போடுவது அணைப்பது எல்லாம் மரபு வழுவாத ஆர்த்தடாக்ஸ் சபைகளில் விலக்கு. சீர்திருத்த வழியான ரிஃபார்ம் சபைகளில் இந்தக் கண்டிப்பு கிடையாது. எந்தச் சபை என்று தெரியாமல், சனிக்கிழமை காலை பிரார்த்தனை முடிந்ததும் நோட்டும் பேனாவுமாக நின்று "அடுத்த வாரம் யார் யார் வருகிறீர்கள்?" என்று பெயர் எழுதக் கூடாது.

"நான் யூதன் இல்லையே, நான் விளக்கைப் போட்டால் என்ன?" என்றும் தோன்றும். இரண்டாம் நூற்றாண்டு முடிந்த சமயத்தில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூல் இதற்கும் பதில் வைத்திருக்கிறது. யூதரல்லாதவர் தனக்காக விளக்கேற்றினால் அந்த வெளிச்சத்தை யூதர் பயன்படுத்தலாம். யூதருக்காக ஏற்றினால் கூடாது. ஆக, இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று பரிதாபப்பட்டு நீங்கள் தட்டும் சுவிட்ச், அவர்களை அந்த அறையிலிருந்து எழுந்து போக வைக்கலாம்.

துக்க வீட்டில்

எனக்கு அதிகம் எழுத வேண்டும் என்று தோன்றுவது இதைப் பற்றித்தான். அடக்கம் முடிந்ததும் நெருங்கிய உறவினர்கள் ஏழு நாள் வீட்டில் தாழ்வான இருக்கையில் உட்காருவார்கள். ஷிவா என்பார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் சாப்பிடும் முதல் உணவு அவர்களுடையதாக இருக்கக் கூடாது, மற்றவர்கள் கொண்டுவர வேண்டும். அவித்த முட்டையும் பருப்பும் வழக்கம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டாத ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தவறுகள் எங்கே வரும்? ஒன்று, பேச்சு. உள்ளே போனதும் துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை காத்திருப்பதுதான் முறை. எபிரேய வேதத்தில், எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அந்த வழக்கம். நாமோ நாற்காலியில் உட்காரும் முன்பே "எப்படி ஆச்சு? எந்த ஆஸ்பத்திரி?" என்று ஆரம்பித்துவிடுகிறோம். மணி அடித்துவிட்டு வாசலில் நிற்பதும் வேண்டாம். துக்கத்தில் இருப்பவர் எழுந்து வந்து உபசரிக்கக் கூடாது என்பதற்காகவே கதவைத் தாழிடாமல் விட்டிருப்பார்கள். பூங்கொத்தும் வழக்கமில்லை.

இன்னொன்று, கொண்டு போகிற சாப்பாட்டின் ஆடம்பரம். ஒரு காலத்தில் பணக்காரர்கள் துக்க வீட்டுக்கு வெள்ளி, தங்கக் கூடைகளில் கொண்டு போனார்களாம், ஏழைகள் பட்டை உரித்த அலரிக் குச்சிக் கூடைகளில். ஏழைகள் கூசினார்கள். அதனால் எல்லோருமே குச்சிக் கூடையில்தான் கொண்டு போக வேண்டும் என்று விதி செய்ததாக, பழைய ரபிகளின் விவாதங்களைத் தொகுத்த தல்மூது சொல்கிறது. சவ அடக்கத்துக்கும் அதே நியாயம்தான். செலவுக்குப் பயந்து உறவினர்கள் பிணத்தை விட்டுவிட்டு ஓடும் அளவுக்குப் போனபோது, அக்காலத்து யூதத் தலைவர் ரப்பான் கமாலியேல் தன்னைச் சாதாரண லினன் துணியில் அடக்கம் செய்யச் செய்தார். மற்றவர்களும் அதையே பின்பற்றினார்கள். இன்றும் மரபுப்படி செய்யும் அடக்கத்தில் கோடீஸ்வரருக்கும் கூலிக்காரருக்கும் ஒரே வெள்ளைத் துணி.

உடலைக் கழுவி உடுத்தும் ஹெவ்ரா கதீஷா குழுவிலும் தொண்டர்கள்தான். ஆணுக்கு ஆண்கள், பெண்ணுக்குப் பெண்கள். யாருக்குச் செய்தோம், என்ன பார்த்தோம் என்று அவர்கள் வெளியே பேசுவதில்லை. "உங்கள் அப்பாவை நான்தான் கழுவினேன்" என்று ஒருவர் மகனிடம் சொல்லிவிட்டால், அவன் அந்த முகத்தை எப்போது பார்த்தாலும் கடன்பட்டவனாகவே நிற்க வேண்டியிருக்கும்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவது

தர்மம் பற்றியும் இந்த மரபு இப்படித்தான் யோசிக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் எழுதிய யூத அறிஞர் மைமோனிடிஸ், தர்மத்தை எட்டுப் படிகளாக அடுக்கினார். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. காசைத் துணியில் முடிந்து முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, ஏழைகள் கூச்சமில்லாமல் எடுத்துக்கொள்ள விட்டவர்களைப் பற்றிச் சொல்கிறார், அது நடுவில் எங்கோ வருகிறது. யார் கொடுத்தார், யார் வாங்கினார் என்று இருவருக்குமே தெரியாதது அதைவிட மேல். எல்லாவற்றுக்கும் மேல், கடனோ வேலையோ கூட்டோ கொடுத்து அவரைக் கையேந்தாமல் ஆக்குவது. இதைப் படித்துவிட்டு, உணவுப் பொட்டலம் வாங்குகிறவரின் முகம் தெரியப் படம் எடுத்து உறுப்பினர் குழுவில் போடுவது எத்தனையாவது படி என்று நீங்களே பாருங்கள்.

சுத்தம் செய்யப் போனால் ஒரு எச்சரிக்கை. கடவுளின் எபிரேயப் பெயர் உள்ள கிழிந்த தாளைக் குப்பையில் போடக் கூடாது. கெனிசா என்ற தனி இடத்தில் சேர்த்து, பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் அப்படிச் சேர்ந்தவற்றைத்தான் 1896-97ல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு போனார். ஏழைகளுக்கு ரொட்டி பங்கிட்ட பட்டியல்கள் அதில் இருக்கின்றன, மைமோனிடிஸின் கையெழுத்து இருக்கிறது, மலபார் கரையோடு வியாபாரம் செய்தவர்களின் கடிதங்களும் இருக்கின்றன. துப்புரவில் மும்முரமான ஒருவர் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

வாசலில்

2018 அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க்கின் ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயக் கட்டடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வாசல் காவலுக்கு உறுப்பினர்களே முறை வைத்து நிற்பது பல இடங்களில் கூடியிருக்கிறது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் கறுப்பராகவோ ஆசிய முகமாகவோ இருப்பவரை மட்டும் நிறுத்தி "நீங்கள் யூதரா? மாறினவரா?" என்று கேட்பது காவல் அல்ல. மதம் மாறி வந்தவரிடம் அவருடைய பழைய வாழ்க்கையைச் சுட்டிக்காட்டக் கூடாது என்று தல்மூதே தடுத்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்வி, ஒரே வணக்கம்.

வெறுமனே வந்து உட்காருவது

இதை யாரும் தொண்டாகவே நினைப்பதில்லை. பெற்றோரை இழந்தவர் பதினோரு மாதம் கத்தீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும், அதற்குப் பத்துப் பேர் வேண்டும். மின்யான் என்று பெயர். ஆர்த்தடாக்ஸ் சபைகளில் வயது வந்த ஆண்கள் மட்டுமே கணக்கு, மற்றவற்றில் பெண்களும் உண்டு. யூதரல்லாதவரைச் சேர்ப்பதில்லை, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. கணக்கில் வருகிறவராக இருந்தால், விழாவுக்கு நூறு நாற்காலி போடுவதைவிட, சாதாரண செவ்வாய்க்கிழமை காலையில் நீங்கள் வந்து உட்காருவது பெரிய உதவி. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பது அங்கே பலத்த கோபத்தைக் கிளப்பும், ஏனென்றால் ஒன்பது பேரை வைத்துக்கொண்டு கத்தீஷ் சொல்ல முடியாது. முடியாவிட்டால் முந்தின நாள் ராத்திரியே போன் செய்துவிடுங்கள். வேறு ஆள் பிடிக்க அவர்களுக்கு அவகாசம் இருக்கும்.