ஒன்பது வயலும் ஒரு கொப்பியும்: புள்ளிவிபரவியலைத் தொடங்குவது எப்படி?

சாதாரணதரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கையில் இருக்கும். வணிகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியல் எடுக்க நினைப்பவர்களுக்கு அது பொன்னான நேரம். இணைந்த கணிதம் படிக்கப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். அதன் இரண்டாம் வினாத்தாளில் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் வரும். ரியூசனுக்குப் போக இரண்டு பஸ் மாறவேண்டிய ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. கொப்பியும் பென்சிலும் போதும்.

உயர்தரத்தில் எனக்குச் சூத்திரம்தான் முதலில் வந்தது. நியம விலகலைப் பிழையில்லாமல் கணிப்பேன், அது எதைச் சொல்கிறது என்று கேட்டால் பதில் வராது. அதனால் இங்கே வயலிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: கேட்டு எழுதுங்கள்

ஒரு கேள்வியை முடிவு செய்யுங்கள். "போன காலபோகத்தில் எங்கள் பக்கத்தில் ஏக்கருக்கு எத்தனை மூட்டை நெல் வந்தது?" சரி, யாரிடம் கேட்பது? வாய்க்காலை ஒட்டிய வயல்காரரிடம் மட்டும் கேட்டால் விடை கூடுதலாகத்தான் வரும், மானாவாரி வயல்கள் விடுபட்டுப்போகும். ஊரில் வயல் செய்கிறவர்களின் பெயர்களைத் துண்டுகளில் எழுதிச் சட்டியில் போட்டுக் குலுக்கி ஒன்பதை எடுங்கள். இதுதான் எழுமாற்று மாதிரி.

கேட்கும்போது, "ஐயா, உங்கள் மூட்டை எத்தனை கிலோ?" என்பதையும் கேளுங்கள். ஆளுக்கு ஆள் மூட்டை நிறை வேறுபட்டால் எல்லாவற்றையும் ஒரே நிறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எண்ணுவதை அற்ப வேலையாக நினைக்காதீர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் 1981 க்குப் பிறகு முழுமையான குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. 2001 கணக்கெடுப்பு போர் காரணமாக அங்கு நடக்கவில்லை. அந்த முப்பத்தொரு வருடத்தில் இங்கே எத்தனை பேர் இருந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஏற்றுக்கொள்ளும் எண் ஒன்று இல்லாமல் போனது.

படி 2: நடுவைத் தேடுங்கள்

எடுத்துக்காட்டுக்கு இந்த எண்கள் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம்:

22, 25, 18, 24, 27, 23, 25, 6, 28

சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்குங்கள்: 6, 18, 22, 23, 24, 25, 25, 27, 28. நடுவில் நிற்கும் ஐந்தாவது எண் 24. அது இடையம். மற்றவை ஒருமுறை வர, இருமுறை வந்த 25 ஆகாரம். எல்லாவற்றையும் கூட்டினால் 198, ஒன்பதால் வகுத்தால் 22. அது இடை, அதாவது சராசரி.

இடை 22, இடையம் 24. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை? இதற்குப் பதில் தேடாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 3: அந்த 6 யாருடையது?

முதலில், எழுதும்போது 26 ஐத்தான் 6 என்று எழுதிவிட்டோமா என்று பாருங்கள். அப்படியென்றால் திருத்துங்கள். பிழை இல்லை, அந்த வயலில் அறுவடைக்குக் கிட்ட யானை இறங்கியது என்று அந்த ஐயா சொல்கிறாரா? அப்போது அது இருக்கவேண்டிய எண். அழகுக்காக அதை நீக்கினால் ஒரு குடும்பத்தின் முழுப் போகமும் கணக்கிலிருந்து காணாமல் போகும். "6 ஐச் சேர்த்தால் இடை 22, சேர்க்காவிட்டால் 24" என்று இரண்டையும் எழுதிக் காரணத்தையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

மற்றவற்றிலிருந்து வெகுவாக விலகி நிற்கும் ஒரு அந்தலை எண் இடையை இழுத்துவிடும், இடையத்தை அவ்வளவு அசைக்காது. மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மேலே உங்கள் கண்முன்னே நடந்திருக்கிறது.

படி 4: பரந்திருப்பதை அளவிடுங்கள்

ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 22 ஐக் கழியுங்கள்: −16, −4, 0, 1, 2, 3, 3, 5, 6. இவற்றைக் கூட்டினால் பூச்சியம்தான் வரும், கூட்டிப் பாருங்கள். அதனால்தான் வர்க்கிக்கிறோம்: 256, 16, 0, 1, 4, 9, 9, 25, 36. கூட்டுத்தொகை 356. ஒன்பதால் வகுத்தால் ஏறத்தாழ 39.56, அது மாறற்றிறன். அதன் வர்க்கமூலம் 6.29, அதுதான் நியம விலகல்: வயல்கள் இடையிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதன் அளவு, மூட்டையிலேயே.

இப்போது 356 ஐத் திரும்பப் பாருங்கள். அதில் 256 ஒரே வயலிலிருந்து வந்தது! மற்ற எட்டு வயலுக்கும் தனியே கணித்தால் நியம விலகல் 2.92 தான்.

படி 5: இசட் புள்ளி

28 மூட்டை எடுத்தவர் இடையைவிட 6 மூட்டை மேலே. 6 ஐ 6.29 ஆல் வகுத்தால் 0.95. அது அவருடைய இசட் புள்ளி: இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தூரத்தில் நிற்கிறார் என்பது. யானை இறங்கிய வயலுக்கு −2.54.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதே கணக்குத்தான். கடினமான பாடத்தில் 60 எடுப்பதும் இலகுவான பாடத்தில் 60 எடுப்பதும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு பாடத்தின் இடையையும் நியம விலகலையும் வைத்து ஒப்பிடுகிறார்கள். யாரைச் சேர்த்து இடை எடுக்கிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011 உயர்தரப் பரீட்சையைப் பாருங்கள். பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒரே தொகுதியாகக் கொண்டு இசட் புள்ளி கணித்தார்கள். வழக்குப் போட்டதில், 2012 இல் உயர் நீதிமன்றம் அதை ரத்துச்செய்து, தனித்தனியே கணிக்கச் சொன்னது.

அப்புறம்?

ஒன்பது வயல் கையால் கணக்குப் பழகத்தான். அடுத்து முப்பது வயலாவது சேருங்கள். அவ்வளவு எண்ணையும் ஒவ்வொன்றாகக் கையாள முடியாது என்று உணரும்போது பத்தாம், பதினோராம் தரக் கணிதப் புத்தகங்களைத் திறந்து வகுப்பாயிடை, மீடிறன் அட்டவணை, திரள் மீடிறன் வளையி ஆகியவற்றை உங்கள் நெல் எண்களிலேயே செய்துபாருங்கள். நிகழ்தகவை அதற்குப் பிறகு தொடுங்கள். சிறுபோக அறுவடை வந்ததும் அதே வயல்காரரிடம் அதே கேள்வியோடு மறுபடி போங்கள்.