முதுகெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட்: அடிக்கடி பார்க்கும் தவறுகள்

திருவனந்தபுரத்தில் முதுகெலும்பு ஆபரேஷன் செய்துகொண்டு, எக்ஸ்ரே கவரும் இடுப்பு பெல்ட்டுமாகக் எல்லையிலிருக்கும் களியக்காவிளை வழியே ஊர் திரும்புகிறவர்கள் குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம் பக்கம் நிறைய. அடுத்த சில வாரங்களில் எங்களைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வந்து நிற்பார்கள். படிப்பு முடித்துப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவர்களைக் கையாளுவதைப் பார்த்தால், நாங்களெல்லாம் ஒரு காலத்தில் அடித்த அதே கூத்து மறுபடி நடக்கிறது. பெல்ட்டைத் தலைகீழாக மாட்டுவது, அளவு தெரியாமல் வாங்குவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும்.

உட்கார்ந்த பிறகு மாட்டுவது

சட்டென்று எழுந்து உட்கார்ந்து, அப்புறம் பெல்ட்டைத் தேடுகிறார்கள். படுக்கையிலிருந்து எழும் நேரத்தில்தான் உடம்பு அதிகம் முறுகும். அதனால் படுத்தபடியே மாட்டுவது நல்லது. தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, பெல்ட்டை முதுகுக்கு அடியில் விரித்து, மல்லாந்து, வயிற்றின் மேல் ஒட்ட வேண்டும். பின்புறப் பட்டைகள் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். கீழ் விளிம்பு இடுப்பெலும்பை மூட வேண்டும். வீடுகளில் பார்த்தால் அது விலாவரை ஏறி நிற்கும். உள்ளே பருத்திப் பனியன் இல்லாமல் போட வேண்டாம்.

இறுக்கினால் நல்லது என்ற நினைப்பு

தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போய் எரிகிறது, ஆபரேஷன் பெயிலியர் என்று ஒரு அம்மா அழுதுகொண்டே வந்தார். மகன் தினமும் காலையில் முழங்காலால் அண்டை கொடுத்து பெல்ட்டை இழுத்துக் கட்டியிருக்கிறான். இடுப்பெலும்பின் முன்பக்கத்தை ஒட்டி ஒரு மெல்லிய நரம்பு தொடைக்கு இறங்குகிறது. பெல்ட்டின் விளிம்பு அதை அழுத்தினால் இப்படித்தான் ஆகும். தளர்த்திச் சரியான இடத்தில் போட்டதும் சில நாளில் குறைந்துவிட்டது. விரல்கள் நுழைய இடம் வேண்டும். சாப்பிட்ட பிறகு இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று உண்டு. இரண்டு தொடைகளுக்கும் நடுவே, மலவாயைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் நிற்பது அல்லது தெரியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. இவற்றில் எது வந்தாலும் எங்களிடம் வரவே கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரே பெல்ட்

ஜூன் மாதத்தில் துவைத்தால் காயாது. இரண்டு வாங்குங்கள்.

பக்கத்து வீட்டு பெல்ட்

வேண்டாம்.

எப்போது கழற்றுவது என்று கேட்காமல் வருவது

எனக்கு இன்றைக்கும் கோபம் வருவது இதில்தான். டிஸ்சார்ஜ் தாளில் 'பெல்ட் தொடரவும், ரிவ்யூவுக்கு வரவும்' என்ற அளவில் ஒரு வரி இருக்கும். ரிவ்யூ, அதாவது மறுபரிசோதனை நாளில் வலி இருக்காது. மழை, கல்யாண வீடு, அத்தனை தூரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போக வேண்டுமே என்ற அலுப்பு. போகமாட்டார்கள். பெல்ட் மட்டும் இடுப்பிலேயே தங்கிவிடும்.

சொந்தமாக ஒரு ஏக்கர் ரப்பர் வைத்துத் தானே பால் வெட்டியவர் ஒருவர். கீழ் முதுகில் ஸ்க்ரூ போட்டு எலும்பை இணைத்த ஆபரேஷன். மூன்றாவது வருடம் வேறு எதற்கோ வந்தார். ஒட்டும் பட்டை தேய்ந்துபோய், வேட்டிக் கிழிசலால் பெல்ட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். ஏன் இன்னும் என்று கேட்டதற்கு, "டாக்டர் போடத்தான் சொன்னாரு சார், கழத்தச் சொல்லல்லியே" என்றார். எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது. மனுஷருக்கோ பெல்ட் இல்லாமல் முகம் கழுவக் குனியவே பயம். மரங்களைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். இடையில் அவருக்கு வெந்நீர் ஒத்தடமும் கரண்ட் சிகிச்சையும் கொடுத்த இடங்களில் ஒருவர்கூட பெல்ட்டைக் கழற்றும் தேதியைக் கேட்கவில்லை.

அந்த பெல்ட் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் இந்தப் பயம் பாதி போகும். கீழ் முதுகின் கடைசி இரண்டு கணுக்களை, அதாவது எலும்பும் எலும்பும் சேரும் மூட்டுகளை, துணி பெல்ட்டால் பூட்டி வைக்க முடியாது. கடைசிக் கணுவை நிஜமாகவே அசையாமல் நிறுத்த வேண்டுமானால் தொடைவரை நீளும் கூடு வேண்டும். பெல்ட் செய்வது, அதிகமாகக் குனியும்போது தடுத்து ஞாபகப்படுத்துவது. ஸ்க்ரூ போட்டவர்களுக்கு எலும்பு சேரும்வரை தாங்குவது உள்ளே இருக்கும் ஸ்க்ரூவும் கம்பியும். அப்படிப்பட்டவர்களில் பெல்ட் போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதனால்தான் ஒரு டாக்டர் மூன்று மாதம் என்கிறார், இன்னொருவர் பெல்ட்டே வேண்டாம் என்கிறார். டிஸ்க் துண்டை மட்டும் எடுத்தவர்களுக்குப் பல டாக்டர்கள் பெல்ட் எழுதுவதே இல்லை. எலும்பு வலுவிழந்தவர்கள், எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனவர்கள், பல கணுக்களைச் சேர்த்தவர்கள் கணக்கு வேறு. அங்கே டாக்டர் சொன்ன நாள்வரை போட்டே ஆக வேண்டும்.

பெல்ட் போட்டால் தசை கரைந்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். ஆய்வுகள் அப்படி ஒரே குரலில் சொல்லவில்லை. நான் பார்த்தவரை, ஆளைக் கெடுப்பது அசையாமல் இருக்கும் பழக்கம்தான்.

டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள்: எந்த நேரமெல்லாம் போட வேண்டும், தூங்கும்போது கழற்றலாமா, எந்தத் தேதியில் நிறுத்துவது, ரிவ்யூவுக்கு வர முடியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது. பதிலைத் தாளிலேயே எழுதி வாங்குங்கள். மலையாளத்தில் எழுதினாலும் பரவாயில்லை, படிக்க வீட்டுக்கு ஒருவர் இருப்பார். இங்கேயே எக்ஸ்ரே எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமா என்றும் கேட்டு வையுங்கள்.

டாக்டர் சரி என்ற பிறகு ஒரே நாளில் தூக்கிப் போட வேண்டியதில்லை. முதலில் வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு முற்றத்தில் நடக்கும்போது, கடைசியாக பஸ் பயணத்தில் விடலாம். தசை வலி கொஞ்சம் இருக்கும். காலுக்கு இறங்கும் வலி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனியப் பழக்குவது எங்கள் வேலை. அந்த ரப்பர்க்காரர் இப்படித்தான் பெல்ட்டை விட்டார். ஆனால் மரங்கள் கைக்கு வரக் குத்தகை முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தையல் பிரித்ததும் உழிச்சல் (எண்ணெய் தடவி நீவுவது)

உழிச்சல் செய்யும் எங்கள் ஊர் ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எலும்பு சேராத முதுகில், ஸ்க்ரூவுக்கு மேலே, யாரும் கை வைத்து அழுத்தக் கூடாது. ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு பெல்ட்டை மாட்டினால் வியர்வையும் சேர்ந்து தோல் வெந்து புண்ணாகும். தையல் வாய் பக்கத்திலேயே புண் என்றால் அது வேறு தலைவலி.

பெல்ட் இருக்கிற தைரியத்தில் சிலிண்டர் தூக்குவது

காலி சிலிண்டரும் கூடாது.