கொஞ்சமா வெட்டுங்க டாக்டருங்க: தோல் புற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூக்கோரத்தில் மிளகளவு கறுத்துப் பளபளக்கும் ஒரு மருவு. தொட்டால் ரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி கசியும். மஞ்சள் காட்டிலும் தென்னந்தோப்பிலும் காலமெல்லாம் வெயில் வாங்கிய அப்பாருக்கோ அம்மாயிக்கோ இப்படி வந்தால், "மருவுதானுங்க" என்று சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்துச் சுடுகிறார்கள். மேலே ஆறிவிடும்; வடுவுக்கு அடியில் புற்று பரவிக்கொண்டே போகும். பார்லரில் கரண்ட் வைத்துச் சுட்டாலும் இதேதான், சோதனைக்கு அனுப்பச் சதைகூட மிஞ்சாது. நம் நிறத்துக்கு அடித்தளச் செல் புற்று (மேல்தோலின் அடி அடுக்கில் தொடங்கும் புற்று) பெரும்பாலும் கறுப்பாகவே வருவதால் மச்சம் என்று ஏமாறுவது சுலபம். முதலில் பயாப்சி, அதாவது சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது.

அடுத்த தவறு, "தழும்பு தெரியாம கொஞ்சமா வெட்டுங்க" என்று கெஞ்சுவது. அபாயம் குறைந்த சின்னப் புற்றுக்கே சுற்றிலும் 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். முதுகில் அது பெரிதில்லை. இமையோரத்தில் பெரிய நஷ்டம். அதற்குத்தான் மோஸ் முறை. 1930களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ் தொடங்கியது. மெல்லிய படலமாக வெட்டி, சாயம் தொட்டுத் திசை குறித்து, உறையவைத்துச் சீவி, அடியும் ஓரமும் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். 3 மணித் திசையில் மட்டும் புற்று தெரிந்தால் அங்கே மட்டும் இன்னொரு படலம். அதுவரை நோயாளி கட்டோடு காத்திருப்பார், மணிக்கணக்கில். சாதாரண சோதனையோ வெண்டைக்காயை நறுக்கி நாலைந்து வில்லையை மட்டும் பார்ப்பது போல. ஓரத்தில் மிகச் சிறு பங்குதான் கண்ணில் படும்.

மோஸ் வசதி எல்லா ஊரிலும் கிடையாது. இல்லாத இடத்தில், ஓரம் சுத்தம் என்று ரிப்போர்ட் வருமுன் கன்னத்துத் தோலைத் திருப்பி மூடிவிடுவது பெரிய தப்பு. மிச்சம் இருந்தால் எங்கே என்று பிறகு தேடுவது பெரும்பாடு. காயத்தைக் கட்டிவைத்து, ரிப்போர்ட் வந்தபின் தையல் போடலாமா, வெட்டிய சதையில் நூல் கட்டித் திசை குறிப்பீர்களா என்று கேளுங்கள். டாக்டர் கோபிக்க மாட்டார். கோபித்தால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

தோலுக்கு நிறம் தரும் செல்களில் வரும் மெலனோமா என்ற புற்றுக்கு இந்த 4 மி.மீ. கணக்கு செல்லாது. 2 மி.மீ.க்கு மேல் ஆழம் என்றால் சுற்றிலும் 2 செ.மீ. எடுப்பார்கள். உள்ளங்காலில் கறுத்துப் பரவும் மச்சத்தை முள் குத்திய கறை என்று விடாதீர்கள்.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லப்பாகு கொட்டிய பழைய தழும்புகள் நிறையப் பேருக்கு இருக்கும். பல வருஷம் கழித்து அதில் புண் வந்து ஆறாமல் நின்றால் அதுவும் புற்றாக இருக்கலாம்; களிம்பு மாற்றிக்கொண்டிராமல் பயாப்சி எடுங்கள். அக்குளிலோ தொடை இடுக்கிலோ நெறி கட்டியிருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.