புது ஸ்பீக்கரும் எரிந்தால் குற்றவாளி ஸ்பீக்கர் அல்ல

ஸ்பீக்கர் விஷயத்தில் பலர் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன். வயரை ஷார்ட் ஆக விடுவது, கோனில் (முன்னால் அதிரும் கூம்பில்) விரலால் குத்துவது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகத் திருந்திவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

8 ஓம்ஸ் ஸ்பீக்கர், மீட்டரில் 6

நல்ல ஸ்பீக்கர்தான். மீட்டர் காட்டுவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளின் (காயில்) டி.சி. ரெசிஸ்டன்ஸ், அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்டுக்கான தடை மட்டும். 8 என்பது பாட்டின் திசை மாறும் கரண்டுக்கு.

எரிந்த ஸ்பீக்கரை மாற்றி, அதே ஆம்பில் (ஆம்ப்ளிஃபயரில்) மாட்டுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வாய்ஸ் காயிலில் (கோனோடு ஒட்டியிருக்கும் அந்தச் சுருளில்) கரண்ட் ஒரு திசையில் ஓடினால் கோன் முன்னே தள்ளப்படும். திசை மாறினால் பின்னே போகும். பாட்டு ஓடும்போது கரண்ட் திசை மாறிக்கொண்டே இருப்பதால் கோன் அதிர்கிறது. ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் டி.சி. நேராகக் காயிலுக்குள் இறங்கும். "டப்" என்று ஒரு சத்தம், அப்புறம் கோன் ஒரு பக்கமாகப் போய் நின்றுவிடும். சப்ளை 35 வோல்ட், காயில் 6 ஓம்ஸ் என்றால் ஏறக்குறைய 200 வாட், அத்தனையும் சூடு. அசையும் காயில் சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக் கொஞ்சம் ஆற்றிக்கொள்ளும். நின்றுபோன காயிலுக்கு அந்த வழியும் கிடையாது.

ஒருவர் ஊஃபர் (பாஸ் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) கொண்டுவந்தார். காயில் கறுத்து, கம்பி கழன்று கிடந்தது. ஆம்பைப் பார்த்தீர்களா என்றேன். "லைட் எரியுதே சார்" என்றார். அளந்துவிட்டு மாட்டுங்கள் என்று சொல்லித்தான் புதுக் காயில் போட்டுக் கொடுத்தேன். அன்று மாலையே அதே கருகல் வாடையோடு வந்து நின்றார். லைட் எரிந்தால் பவர் சப்ளை வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, பாட்டு ஓடாதபோது, மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் மாட்டும் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் இருந்தால் பயமில்லை. வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். பிரிட்ஜ் வகை ஆம்பில் (ஸ்பீக்கரின் எந்த முனையும் கிரவுண்டில் இல்லாதது) ஒரு முனையை கிரவுண்டோடு சேர்த்து அளந்தால் சப்ளையில் பாதி காட்டலாம். அது அதன் இயல்பு, பதற வேண்டாம்.

பேட்டரி வைத்து போலாரிட்டி (எது பிளஸ், எது மைனஸ்) பார்ப்பது

1.5 வோல்ட் போதும், தொட்டவுடன் எடுங்கள். ட்வீட்டரில் (கீச்சென்ற சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கரில்) வேண்டவே வேண்டாம்.

"சின்ன ஆம்ப்தானே, என்ன ஆகிவிடும்?"

வால்யூமை முழுக்கத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்போது ஆம்ப் அதன் மேல் எழுதியிருக்கும் வாட்டைவிட அதிகமாகவே தள்ளும். வெட்டுப்பட்டதில் பிறக்கும் உயர் அதிர்வெண்கள் கிராஸ்ஓவர் (சத்தத்தைப் பிரித்து அந்தந்த ஸ்பீக்கருக்கு அனுப்பும் சர்க்யூட்) வழியாக நேரே ட்வீட்டருக்குப் போகும். அதன் காயில் முடி போன்ற கம்பி. முதலில் போவது அதுதான்.